முன்னும் பின்னும் முட்டுவன யாவும்

திண்டிவனத்தில் கடல் கிடையாது. ஐப்பசி மழைக்கு ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர்தான் எனக்குத் தெரிந்து எங்கள் ஊரின் ஆழமான நீர்நிலை. அந்த ஊரில் குடியிருந்துகொண்டு நான் ஒரு படகு வைத்திருக்கிறேன். எனக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் பத்தாவது நிமிடம் எலுமிச்சம்பழம் தேடுவேன். என் படகு ஓடுவதை நான் பார்த்ததெல்லாம் கரையில் நின்றுதான்.

மரக்காணத்துக்கு அப்பால், கழிமுகத்தை ஒட்டிய ஒரு தனியார் படகுத்துறையில், நான்கு கயிறுகளுக்கு நடுவே அது நிற்கிறது. அங்கே அது சும்மா நிற்பதற்கு மாதாமாதம் நான் கட்டுகிற தொகை, என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் எனக்குக் கட்டுகிற வாடகையைவிட அதிகம். அந்த வகையில் மாடிக் குடித்தனக்காரர்தான் என் படகை மிதக்க வைத்திருக்கிறார். அவருக்கு இது தெரியாது. தெரிந்தால், முதலில் குளியலறைக் குழாயை மாற்றுங்கள் என்பார்.

இவ்வளவும் வெட்கக்கேட்டின் முன்னுரைதான். படகுத்துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இருக்கிறது. என் படகைச் சின்ன இடத்திலிருந்து பெரிய இடத்துக்குத் தள்ளி, கட்டணத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குவது அந்த வரிதான். அதை எழுதியவன் நான்.

சென்ற மாதம் கயல்விழி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். படகுகளை அளப்பதுதான் அவள் வேலை, என் பழைய வேலை. என்னிடம் டேப் இருந்தது, அவளிடம் லேசர் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"சார், அடுத்த மாசத்துல இருந்து ரேட் மறுபடி ஏத்துறாங்க. புது போர்டு வெக்கச் சொல்றாங்க. பழைய போர்டுல 'முட்டுவன'ன்னு ஒரு வார்த்த கீது. அப்படின்னா இன்னா சார், மாடா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள் இல்லை. யார் எழுதியது என்று அவள் அடுத்துக் கேட்பதற்குள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். தீய்ந்தது உண்மைதான். அடுப்பில்தான் இல்லை.

மயிலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மல்லாட்டை போடுவோம், நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்குச் செடியைவிட வரப்பின்மேல்தான் ஆர்வம். அது ஏன் அங்கே வளைகிறது, யார் வளைத்தார்கள் என்று ஆராய்வேன். இவன் வெள்ளாமைக்கு ஆகமாட்டான் என்று தெரிந்துகொண்ட அப்பா, விழுப்புரத்தில் ஒரு தனியார் சர்வேயரிடம் சங்கிலி இழுக்க அனுப்பினார். சில வருடங்கள் இழுத்தேன். அதில் நான் கற்றது ஒன்றுதான்: அளந்து முடித்தபின், தன் நிலம் இவ்வளவுதான் என்று ஒத்துக்கொண்ட மனிதர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

அப்புறம் படகுத்துறை வந்தது. அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அவர்கள் அதை 'மெரினா' என்று சொன்னார்கள். நானும் வீட்டில் வந்து, மெரினாவில் வேலை கிடைத்துவிட்டது என்றேன். என் மாமனார் கேட்டார்: "பீச்சுலயா? இன்னா விக்கப் போறீங்க, சுண்டலா?"

அது வேறு மெரினா, படகு நிறுத்துகிற இடம் என்று விளக்கினேன். காசு வாங்கிக்கொண்டு நிறுத்தவிடுவோம் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் தெளிவு வந்தது.

"சைக்கிள் ஸ்டாண்டுன்னு சொல்லுங்க."

எத்தனையோ பேருக்கு என் வேலையை விளக்கியிருக்கிறேன். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

நாற்பது படகுகள் வரை நின்றன. பாண்டிச்சேரி டாக்டர்களின் வெள்ளைப் படகுகள். குயிலாப்பாளையம் பக்கம் குடியிருக்கும் ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகு. கழிமுகத்தைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கும் உள்ளூர்க்காரர்களின் ஃபைபர் படகுகள். எல்லாருக்கும் ஒரே விதி. இருபத்துநான்கு அடி வரை சின்ன இடம், ஓர் அங்குலம் கூடினாலும் பெரிய இடம்.

கட்டணம் வருடா வருடம் ஏறும். என் மாமனார் அதை மல்லாட்டையில்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். நான் சேர்ந்தபோது சின்ன இடத்துக்கு மாதக் கட்டணம் ஒரு மூட்டை மல்லாட்டை விலை. சில வருடத்தில் ஒன்றரை மூட்டை. பிறகு இரண்டு. "மல்லாட்ட ஏறலியே, அது மட்டும் எப்படி ஏறுது?" என்பார். எனக்கும் அதே கேள்விதான். ஓடுகிற வண்டிக்குச் செலவு புரிகிறது. நிற்கிற பொருளுக்கு ஏன் இவ்வளவு?

ஆல்பர்ட் சாரிடம் கேட்டேன். அவர்தான் துறையின் மேலாளர். விழுப்புரத்தில் வீடு. தினமும் காலை ரயிலில் திண்டிவனம் வந்து இறங்கி, என்னோடு மரக்காணம் பஸ் ஏறுவார். அவரிடம் எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றுவார், ஊதுவார், சட்டை நுனியால் இரண்டு பக்கமும் துடைப்பார், திரும்ப மாட்டிக்கொண்டு பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். பல வருடங்களில் அவர் வாயிலிருந்து 'ஆமாம்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. மாதா கோயிலில் கல்யாணத்தன்று என்ன செய்தார் என்று யோசித்திருக்கிறேன்.

அன்றும் கண்ணாடியைத் துடைத்தார். "நிக்கிறது சும்மாவா?" என்றார். எழுந்து நடந்தார். நானும் போனேன்.

தண்ணீர் இறங்கியிருந்த நேரம். படகுகளுக்கு நடந்துபோகப் போட்டிருந்த துறைப்பலகையின் ஓரத்தில் குனிந்து அடியில் இருந்த தூண்களைக் காட்டினார். அடித்த பெயிண்ட் தெரியாமல் சிப்பி அப்பியிருந்தது. கட்டின கயிறுகளைக் காட்டினார். உப்பில் ஊறி, உராய்ந்து, பாதிக்கு மேல் நூல் பிரிந்திருந்தன. கழிமுகத்தின் வாயைக் காட்டினார். போன மழைக்குத் தூர் வாரிய மணல் திரும்ப வந்து வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

"தரையில வெச்ச பொருளு தானா நிக்கும்பா. தண்ணில வெச்சது ஒவ்வொரு நிமிசமும் போவப் பாக்கும். அதப் போவாம புடிச்சு வெக்கிறது யாரு?"

பதில் கேள்விதான் என்றாலும் இது பதில். என் வேலையின்மேல் எனக்கு மரியாதை வந்த நாள் அது. தொடர்ந்து யோசித்ததில் கொஞ்சம் பயமும் வந்தது. மணல் வருடா வருடம் வரும். சிப்பி வளர்வதை நிறுத்தாது. அப்படியானால் இந்தக் கட்டணம் என்றைக்கும் இறங்கப் போவதில்லை.

அளக்கும் முறையையும் ஆல்பர்ட் சார்தான் வகுத்தார். டேப்பைப் படகின்மேல் போட்டு இழுக்கக் கூடாது. பக்கவாட்டில் வயிறு தள்ளியிருப்பதால் ஒரு சாண் கூடக் காட்டும். காலை ஏழு மணிக்குள், காற்று எழும்புவதற்கு முன், படகை இறுகக் கட்டித் துறைப்பலகைக்கு இணையாக நிறுத்த வேண்டும். மூக்கு நுனியில் ஒரு நேர்க்கட்டையைக் குறுக்கே பிடித்து, அதன் மறுமுனை பலகையில் படுகிற இடத்தில் சாக்பீஸ் கோடு. பின்பக்கமும் அதேபோல ஒரு கோடு. பிறகு கயிற்றை அவிழ்த்துப் படகைத் தள்ளி விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம்தான் டேப். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே, வெறும் பலகையின்மேல், அங்கே இல்லாத ஒரு படகை அளப்போம்.

டேப்பின் பூஜ்ய முனையைப் படகுக்காரர் பிடிப்பார். எண்ணை நான் படிப்பேன். ஆல்பர்ட் சார் எங்களுக்கு முதுகைக் காட்டி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்று முறை உரக்கப் படிக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எழுத வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, அபூர்வமாக, கேள்வியில்லாமல் ஒரு பதில் சொன்னார்.

"மொத தடவ நீ படிப்ப. ரெண்டாவது தடவ அவன் மூஞ்சப் பாத்துக்கினு படிப்ப. மூணாவது தடவதான் டேப் படிக்கும்."

எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது முதலாளி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். கட்டணம் மறுபடி உயர்கிறது. அளவைப் பற்றி இனி சண்டை வரக்கூடாது என்பதால், படகின் உடல் மட்டுமே நீளமாகக் கொள்ளப்படும். மேலே பொருத்தியவை கணக்கில் வரா. தெளிவாக இருந்தது. ஆல்பர்ட் சார் அதை என்னிடம் நீட்டினார்.

"தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடேன். நீதான பொஸ்தகம் படிக்கிற ஆளு?"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் கெட்டது. இருபது வருடமாக நான் புத்தகம் படிப்பதை அந்தத் துறையில் யாராவது கவனிக்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான்.

மறுநாள் மரக்காணம் பஸ்ஸில் எழுதினேன். 'படகின் நீளம், உடலின் முனை முதல் முனை வரை.' சரியாக இருந்தது. அங்கேயே பேனாவை மூடியிருக்க வேண்டும். உப்பளம் வந்தது. வெள்ளைக் குவியல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வரியைத் திரும்பப் படித்தேன். 'உடலின்' என்ற சொல் அந்த முனைகளுக்கு நடுவே ஒட்டாமல், கல்யாணப் பந்தியில் தெரியாதவர் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எடுத்தேன். எடுத்ததும் வரி குட்டையாகிவிட்டது. முன்னால் ஏதாவது வேண்டும். 'முன்னும் பின்னும்' வந்தது. அதன் பின்னால் 'முட்டுவன' தானாக வந்து ஏறிக்கொண்டது. 'யாவும் உட்பட' என்று போட்டேன். கட்டடம் எழும்பி நின்றது.

'முன்னும் பின்னும் முட்டுவன யாவும் உட்பட, முனை முதல் முனை வரை.'

ஒரே வரியில் ஐந்து 'மு'. மோனை என்றால் இதுதான். பொருள் தலைகீழாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது. ஆனால் அது ஏதோ தூரத்தில் தெரிந்தது. வரி பக்கத்தில் இருந்தது.

ஆல்பர்ட் சார் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். நடத்துனர் திரும்பிப் பார்த்தார்.

"வாயில நிக்குதே! இங்கிலீஷ்ல இருக்கிறதுதான இது?"

"அதேதான் சார். தமிழ்ல கொஞ்சம் விரிச்சிருக்கேன்."

அந்த வார விடுமுறையில் விழுப்புரத்துக்குப் போய் பேனர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே நிறுத்தினார். "சார், இந்த முட்டுவனன்றது... மாடு கீடா? ஓரத்துல ஒரு மாடு படம் போட்டுடட்டுமா? ஃப்ரீதான்." வேண்டாம் என்றேன். "பிழை கிழை இருந்தா இப்பவே சொல்லிடுங்க சார், அடிச்சப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது." ஒரு பிழையும் இல்லை என்றேன். அந்த நேரத்தில் அந்த மனிதருக்கு இருந்த பொறுப்பு எனக்கு இல்லை.

பலகை மாட்டப்பட்டது. பக்கத்திலேயே ஆங்கிலச் சுற்றறிக்கையும் நான்கு ஆணியில் தொங்கியது. ஒன்று உடல் மட்டும் என்றது, ஒன்று முட்டுவன யாவும் என்றது. ஒரு மாதம் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. ஒருவரும் கேட்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த டாக்டர்கள் பலகையையே பார்ப்பதில்லை. துறையின் கணக்காளர்தான் அவர்களிடம் வந்து, சார், ஏணியைக் கழற்றினால் சின்ன இடம் என்றார். ஏணியைக் கழற்றினார்கள். கொடிக்கம்பம், தூண்டில் மாட்டும் இரும்பு, ஏறும் படி என்று முன்னும் பின்னும் முட்டியவை எல்லாம் ஒரே வாரத்தில் கழன்று துறைப்பலகையில் குவிந்தன. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அருள்தாஸ் மட்டும் எதையும் கழற்றவில்லை.

இருபது வருடம் கடலுக்குப் போய், பிறகு இடுப்பு ஒத்துழைக்காமல் சுற்றுலாப் பயணிகளைக் கழிமுகத்தில் சுற்றிக் காட்டப் பழகியவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். படகின் பெயர் சகாயமாதா. அதன் மூக்கில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் மாதா நின்றாள். கூண்டு படகின் நுனியைத் தாண்டி ஏழு அங்குலம் வெளியே நீண்டிருந்தது. படகின் உடல் இருபத்துமூன்று அடி எட்டு அங்குலம். கூட்டிப் பாருங்கள். நானும் பலமுறை கூட்டிப் பார்த்தேன்.

அவர் பிழைப்பே அந்த இடத்தில்தான். பயணிகள் துறைப்பலகையிலிருந்துதான் ஏறலாம், துறையில் இடம் உள்ள படகில்தான் ஏறலாம் என்பது விதி. பெரிய இடத்துக்குக் கட்டினால் ஓட்டி வருவது அதற்கே போகும். கட்டாவிட்டால் இடம் போகும். இடம் போனால் படகு கடற்கரை மணலில் கிடக்க வேண்டியதுதான். கல்லூரியில் படிக்கிற மகள் ஒருத்தி, மயிலத்தில்.

காலை ஆறரை மணிக்கு அளந்தோம். கட்டையைப் பிடிப்பதற்கு முன்னால் மெதுவாகச் சொன்னேன்.

"நாலு ஸ்க்ரூதான் அருளு."

"எண்ணி வெச்சிருக்கீங்களா சார்?"

"ஒரு முழம் உள்ள தள்ளி வெச்சா போதும். அதே மாதாதான."

"மாதா முன்னால நின்னு வழி காட்டுறவங்க சார். உள்ள உக்காந்தா பாசஞ்சரு. அப்புறம் அவங்களுக்கும் லைஃப் ஜாக்கெட் குடுக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ரொம்ப நேரமாக. ஏதோ வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது மாதிரியான பார்வை. நான் கட்டையைக் கூண்டின் நுனியில் வைத்தேன். கோடு போட்டேன். படகைத் தள்ளினோம். டேப்பின் முனையை அவர் கோட்டின்மேல் துல்லியமாகப் பிடித்தார். மற்றவர்கள் எல்லாம் அரை அங்குலம் உள்ளே தள்ளிப் பிடிப்பார்கள். இவர் அதையும் செய்யவில்லை.

"இருபத்துநாலு அடி மூணு அங்குலம்." முதல் முறை. இரண்டாவது முறையும் அதுவே. மூன்றாவது முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆல்பர்ட் சார் முதுகைத் திருப்பாமல் கேட்டார். "மூணாவது தடவயா?"

"மூணாவது தடவ சார்."

"டேப்தான படிச்சுது?"

"டேப்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றினார். ஊதவுமில்லை, துடைக்கவுமில்லை. கையில் பிடித்தபடியே அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் தூக்கம் சரியில்லை. நான்காம் நாள் பஸ்ஸில் ஆல்பர்ட் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் உடல் மட்டும் என்றுதான் இருக்கிறது. முட்டுவன என் கைச்சரக்கு. வரி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்தேன் என்றேன். அவர் உப்பளம் முழுவதையும் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"மொதலாளி கேட்டாரா?"

"இல்ல சார்."

"அருளு கேட்டானா?"

"இல்ல."

"அப்ப கேக்குறவன் நீ ஒருத்தன்தான். உனக்குப் போட்டு இருக்குதா?"

படகு இல்லாதவனுக்கு இதில் என்ன பேச்சு என்று மேலாளர் என்னை அடக்குவதற்குச் சொன்னது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் மதியமே அவர் முதலாளி அலுவலகத்துக்குப் போன் போட்டார் என்று பிறகு தெரிந்தது. தமிழ்ப் பலகையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, திருத்தலாமா என்று கேட்டிருக்கிறார். அவர்கள் ஒரு வாரம் யோசித்தார்கள். பெரிய இடங்கள் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று விசாரித்தார்கள். பிறகு திருத்தினார்கள், ஆங்கிலத்தை. படகில் பொருத்தி முன்னும் பின்னும் நீண்டிருக்கும் அனைத்தும் உட்பட என்று புதிய சுற்றறிக்கை வந்தது. என் எழுத்து வேற்று மொழியில் பெயர்க்கப்பட்டது அந்த ஒரே முறைதான்.

அருள்தாஸ் ஒரு வருடத்துக்குமேல் எப்படியோ கட்டிக்கொண்டிருந்தார். கட்டணம் மேலும் ஒருமுறை ஏறியது. பெரிய இடம் இப்போது நான்கு மூட்டை என்று மாமனாரிடம் சொன்னேன். "நாலு மூட்டைக்கு நிக்கிற போட்டு, பால் கறக்குமா?" என்று கேட்டார்.

நான் ஓய்வு பெறும் மாதம், ஒரு காலை, அருள்தாஸ் கயிற்றை மாற்றிக் கட்டியபடி என்னிடம் சொன்னார்.

"குடுத்துடலாம்னு கீறேன் சார். பேஜாராயிடுச்சு. பாண்டிச்சேரில செக்யூரிட்டி வேல கீதாம். ஒக்காந்துக்கினு செய்யறது. வாங்குறதுக்கு ஆளுதான் கெடைக்க மாட்டேங்குது. இருந்தா சொல்லுங்க."

ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று அவர் கேட்டது தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. எனக்கு ஆல்பர்ட் சாரின் கேள்வி காதில் விழுந்தது. உனக்குப் போட்டு இருக்குதா?

இப்படித்தான் நான் படகு வாங்கினேன். ஏற்பாடு எளிமையானது. படகு என்னுடையது, துறைக் கட்டணமும் என்னுடையது. ஓட்டுவது அருள்தாஸ். பெட்ரோல் போக மிஞ்சுவதில் பெரும்பங்கு அவருக்கு, மீதி எனக்கு. என் பங்கு இதுவரை பெரும்பாலும் இறாலாகத்தான் வந்திருக்கிறது. நல்ல இறால்.

என் மனைவி வசந்தாவிடம் சொன்ன அன்று அவள் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"போட்டா? எங்க உடுவீங்க? சுரங்கப்பாதைலயா?"

"அருளு பாவம் வசந்தா."

"பாவம்னா பத்து நாளைக்குச் சோறு போடலாம். போட்டு வாங்குவாங்களா யாராச்சும்?"

பலகையில் நான் எழுதிய வரியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. என் படிப்பின்மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தது.

மாதாவை உள்ளே தள்ளினால் கட்டணம் பாதியாகும் என்பது உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. வாங்கிய இரண்டாம் வாரமே அருள்தாஸிடம் மெல்ல இழுத்தேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. பெட்டியைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "ஓனரு நீங்க சார். நாலு ஸ்க்ரூதான்." கண்ணாடிக்குள்ளிருந்து மாதா கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மயிலம் முருகனுக்குக் காவடி எடுத்த குடும்பம். ஸ்க்ரூடிரைவரை வாங்கி, துடைத்து, பெட்டியில் திரும்ப வைத்துவிட்டேன்.

கயல்விழி விடவில்லை. மறுநாளும் போன் செய்தாள். இந்த முறை அடுப்பைச் சாக்குச் சொல்லவில்லை. வரியை எழுதியது நான்தான், அது தப்பு, புதுப் பலகையில் உடல் மட்டும் என்று மாற்றிவிடு என்றேன். அவள் கொஞ்ச நேரம் காகிதத்தைப் புரட்டினாள்.

"மாத்த முடியாது சார். இங்கிலீஷ்ல அப்படித்தான கீது? ஒங்க தமிழு அதுக்குக் கரெக்டான மொழிபெயர்ப்பு சார்."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

அன்றே ஒன்று முடிவு செய்தேன். அருள்தாஸிடம் சொல்லிவிடுவது. அவர் படகு கைமாறியதற்குக் காரணம் மணலும் இல்லை, சிப்பியும் இல்லை, நான் மரக்காணம் பஸ்ஸில் தேடிப் பிடித்த ஒரு மோனை என்பதை அவர் வாழ்நாளில் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும். திட்டட்டும். இறாலை நிறுத்தட்டும். படகைத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுவது என்றுகூட, வசந்தாவின் முகத்தை நினைத்துக்கொண்டு, துணிந்திருந்தேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்து அவர் துறைக்கு வந்தபோது நான் துறைப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். சகாயமாதா நான்கு கயிற்றுக்கு நடுவே லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, பஸ், ஐந்து 'மு', பேனர் கடைக்காரர் கொடுத்த கடைசி வாய்ப்பு, எதையும் விடவில்லை. அருள்தாஸ் வெள்ளை வேட்டி அழுக்காகாமல் குந்தி உட்கார்ந்து, அவசரமில்லாமல் கேட்டார். முடித்ததும், கயிற்றில் தளர்ந்திருந்த ஒரு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு பேப்பரும் ஒண்ணா தொங்கிக்கினு இருந்துச்சே, அப்ப எம் பொண்ணு லீவுக்கு வந்துச்சு. படிச்சுட்டு, 'யப்பா, இதுல ஒண்ணு கீது, அதுல ஒண்ணு கீது, போய்க் கேளுப்பா'ன்னுச்சு."

"ஏன் கேக்கல? கேட்டிருந்தா அன்னைக்கே சின்ன எடம் கெடச்சிருக்குமே!"

"கெடச்சிருக்கும் சார். சின்ன எடமும் வருசா வருசம் ஏறிக்கினுதான இருக்கும்? அதுக்கு முன்னாலயே ரெண்டு வருசமா இந்தப் போட்ட விக்கப் பாத்துக்கினு இருந்தேன், ஒருத்தனும் சீந்தல. அன்னைக்கி அளக்கறப்ப உங்க மூஞ்சப் பாத்தேன், எழுதுனது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சரி, இவரு வாங்குவாருன்னு உட்டுட்டேன்."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். படகில் கால் வைத்தவர், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்ல விட்டுப்போனது போல, திரும்பினார்.

"நல்லாத்தான் எழுதி இருக்கீங்க சார். நீங்க மட்டும் அத ஒழுங்கா எழுதி இருந்தா, இன்னைக்கி வாடக நான்ல கட்டிக்கினு இருப்பேன்?"